பதுளையில் டிப்ளோமா, பட்டத்துக்கு மட்டும் ஏன் இரத்மலானை?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் அப்புத்தளைப் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிள்ளைக்கு மூன்று பாடமும் சித்தி. கெம்பஸ் கிடைக்கவில்லை. இனி என்ன?"

பக்கத்திலேயே ஒரு வழி உண்டு. பதுளை உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம். 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச நிறுவகத்தின் கிளை அது. உயர் தேசிய டிப்ளோமா வழங்குகிறது. காலையில் பஸ்ஸிலோ ரயிலிலோ போய் மாலையில் வீடு திரும்பலாம். பெண்பிள்ளைகளைத் தூரத்து விடுதிக்கு அனுப்பத் தயங்கும் நம் குடும்பங்களுக்கும், விடுதிச் செலவைத் தாங்க முடியாத தோட்டக் குடும்பங்களுக்கும் இது சின்ன விடயமல்ல.

சிக்கல் அதற்குப் பிறகு. டிப்ளோமா பட்டமல்ல. கணக்கியல் டிப்ளோமா நான்கு ஆண்டுப் படிப்பு. அதை வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கக் கோரி 2015 ஒக்டோபர் 29 கொழும்பில் ஊர்வலம் போன மாணவர்கள் பொலிஸாரின் தடியடியைத்தான் வாங்கினார்கள். டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு ஏற, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் உண்டு. அது இருப்பது இரத்மலானையில். பதுளை வரை மட்டுமே போக முடிந்த பிள்ளைக்கு அது என்ன வழி?

கலிபோர்னியா இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. 2014இல் சமூகக் கல்லூரிகள் சிலவற்றுக்கு நான்காண்டுப் பட்டம் வழங்கப் பரீட்சார்த்தமாக அனுமதி கொடுத்து, 2021இல் அதை நிரந்தரமாக்கியது. பல்கலைக்கழகங்கள் நடத்தும் பட்டங்களையே கல்லூரிகளும் நடத்தக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை நமக்கு ஒத்துவராது என்பேன். இங்கே குறைவாக இருப்பது இடங்கள்தான்.

"பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறதே?" என்பார்கள். 2005இல் வந்தது, நல்லதே. ஆனால் அதற்கு மாணவர் தெரிவு நாடு முழுவதற்கும், இசட் புள்ளிப்படி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாகாணங்களில் டிப்ளோமா வழங்கிய இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் இதுவே நடந்தது. 1996இல் சப்ரகமுவ, ரஜரட்ட பல்கலைக்கழகங்கள் அவற்றிலிருந்து எழுந்தன. தரம் உயர்ந்தது, உள்ளூர்ப் பிள்ளைக்கு இருந்த வாசல் ஒடுங்கியது.

ஆகவே பதுளை நிறுவனத்தைப் பல்கலைக்கழகமாக்கச் சொல்லவில்லை. அது இருக்கிறபடியே இருக்கட்டும். கணக்கியலில் தொடங்கி, பட்டம் வழங்கும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். ஊவா பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே இதைக் கேட்கலாம்.

அதுவரை, எந்த டிப்ளோமாவில் சேர்ந்தாலும், இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அது எத்தனையாம் மட்டம் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.