கட்டளை ஓடுவதற்கு முன்பே

ஒரு ஃபோல்டரில் கிடக்கும் நூற்றுக்கணக்கான படங்களைச் சுருக்க, லினக்ஸில் நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும். ‘ஃபார்’ லூப் ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் மாறியில் எடுத்துத் தரும். படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் ‘மேஜிக்’ கட்டளை படத்தைச் சுருக்கும். பாதிப் படங்கள் ஒழுங்காக முடிந்து, திடீரென ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று வந்தால், பலர் அகலம், தரம் போன்ற எண்களை மாற்றிப் பார்க்கிறார்கள். தேட வேண்டிய இடம் அதுவல்ல. இத்தகைய லூப்களில் தவறு பெரும்பாலும் கட்டளை ஓடுவதற்கு முன்பே, ஷெல் மாறியின் இடத்தில் அதன் மதிப்பை வைத்து அந்த வரியை விரிக்கும்போதே நடந்துவிடுகிறது.

1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த பார்ன் ஷெல்லும், அதன் வழியில் 1989இல் வந்த பாஷும், மேற்கோள் இல்லாத மாறியை விரித்ததும் இடைவெளி உள்ள இடங்களில் வெட்டிவிடும். ‘திருமண வரவேற்பு.ஜேபிஜி’ என்ற ஒரு பெயர் இரண்டாகிறது. ‘திருமண’ என்று எந்தப் படமும் இல்லை. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் வெட்டு நிற்கும். இந்த வெட்டைக் கண்டுபிடிக்கக் கட்டளைக்கு முன் ‘எக்கோ’ போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால், பெயர் ஒன்றாகப் போனாலும் இரண்டாகப் போனாலும் எக்கோ ஒரே மாதிரிதான் அச்சிடும். நாம் தேடும் தவறையே அது மறைத்துவிடுகிறது. பாஷில் ‘செட் மைனஸ் எக்ஸ்’ போட்டால், ஒவ்வொரு வரியையும் விரித்த வடிவில் அச்சிட்டு, இடைவெளியுள்ள முழுப் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் காட்டும். மேற்கோள் இல்லையென்றால் பெயர் உடைந்துவிட்டது என்று அர்த்தம். கேமரா பெரிய எழுத்தில் ‘ஜேபிஜி’ என்று முடித்த பெயர்களை லூப் சிறிய எழுத்தில் தேடினாலும் இதிலேயே தெரிந்துவிடும்: எதுவும் பொருந்தாததால், நட்சத்திரக் குறியோடு அந்த வடிவமே ஃபைல் பெயராக நிற்கும்.

பெயரில் இடைவெளி விடாமல் இருந்தால் போதாதா? பெயர் வைப்பது பெரும்பாலும் நாம் இல்லையே. வாட்ஸ்அப்பிலிருந்து கணினியில் சேமிக்கும் படத்தின் பெயரிலேயே இடைவெளிகள் இருக்கின்றன. பைத்தானுக்கு மாறலாம் என்பது பெரிய வேலைகளுக்கு நியாயம்தான். ஆனால் அங்கும் பெயரை ஒரு வரியில் ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால் அதே வெட்டு விழும். ஓட்டிப் பார்த்தே திருத்திக்கொள்ளலாம் என்ற வாதம்தான் ஆபத்தானது. இமேஜ்மேஜிக்கின் ‘மோக்ரிஃபை’ சாதாரணமாக மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். சுருங்கிப்போன படத்திலிருந்து பழைய நுணுக்கம் திரும்பாது. விரிந்த வரியைக் கண்ணால் பார்க்கும்வரை, வெளியீடு வேறொரு ஃபோல்டருக்கே போகட்டும்.