படகு எஞ்சினில் சிக்கிக்கொள்ளும் 'சோக்'



மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குச் 'சோக்' என்ற சொல் புதிதன்று. இரவெல்லாம் மழை பெய்து குளிர்ந்த விடியற்காலையில், பால் மரம் வெட்டப் புறப்படும் நேரத்தில் வண்டி கிளம்ப மறுக்கிறது. உடனே சோக் பிடியை மாற்றிவிட்டு உதைக்கிறோம். வண்டி கிளம்பிச் சூடேறியதும் அதனைப் பழைய இடத்திற்கே திருப்பிவிடுகிறோம். திருப்ப மறந்தால் என்ன ஆகும்? வண்டி திணறும், கரும்புகை கக்கும், இரண்டொரு நாளில் ஸ்பார்க் பிளக்கில் கரி அடைத்துக்கொள்ளும்.

சாலையில் இது ஒரு சிறு தொல்லைதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரலாம். இதே கோளாறு ஒரு படகின் வயிற்றுக்குள் இருக்கும் பெட்ரோல் எஞ்சினில் ஏற்பட்டால் நிலைமை வேறு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் நாட்டு மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலும் டீசல் எஞ்சினையோ, பின்புறம் தொங்கும் எஞ்சினையோ காண்கிறோம். டீசல் எஞ்சினுக்குக் கார்புரேட்டரும் இல்லை, சோக்கும் இல்லை. படகினுள்ளே பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் அமெரிக்காவின் ஏரிகளிலும் கடற்கரைகளிலும் செழித்து வளர்ந்தது. மிச்சிகன் மாநிலத்தின் அல்கோனாக் நகரில் கட்டப்பட்ட கிரிஸ்-கிராஃப்ட் படகுகள் இவ்வகையில் பெயர்பெற்றவை. 1959-இல் வோல்வோ பென்டா நிறுவனமும், 1961-இல் மெர்குரூசர் என்ற பெயரில் மெர்க்குரி நிறுவனமும், எஞ்சினைப் படகினுள்ளும் சுழலியை வெளியிலும் வைத்த அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இப்படிப்பட்ட உல்லாசப் படகுகள் பழையதாகிக் கைமாறி நம் கரைகளுக்கும் வருவதுண்டு. புதிய எஞ்சின்களில் எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் முறை வந்துவிட்டதால் சோக் என்ற உறுப்பே இல்லை. பழைய எஞ்சின் வைத்திருப்பவர்தாம் அதனை அறிந்திருக்க வேண்டும்.

முதலில் சோக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் நன்கு எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை; ஒரு பகுதி குழாய்ச் சுவரிலேயே ஈரமாகத் தங்கிவிடுகிறது. ஆகவே தொடக்கத்தில் மட்டும் கூடுதல் பெட்ரோல் தேவைப்படுகிறது. கார்புரேட்டரின் வாயில் உள்ள ஒரு தகடு மூடிக்கொண்டு காற்றைக் குறைக்கிறது. எஞ்சினின் உறிஞ்சல் அதிக பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. இந்தத் தகடுதான் சோக். ஈர விறகைப் பற்றவைக்க மண்ணெண்ணெய் நனைத்த துணியை வைப்பதைப் போன்றது இது. அடுப்பு பற்றிக்கொண்ட பிறகும் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பவர் உண்டா? சோக்கும் தன் வேலை முடிந்ததும் விலகிக்கொள்ள வேண்டும்.

மிகப் பழைய படகுகளில் இந்தத் தகட்டைக் கம்பி இழுத்துக் கையால் இயக்குவார்கள். பின்னர் வந்தவற்றில் அது தானாகவே இயங்குகிறது. பித்தளைத் தகட்டையும் இரும்புத் தகட்டையும் ஒன்றாகச் சேர்த்து விளக்குச் சுடரில் காட்டினால், பித்தளை அதிகமாக நீள்வதால் தகடு ஒருபக்கமாக வளையும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்துகாட்டும் சோதனை இது. அதே தத்துவப்படி இரு உலோகங்களால் ஆன ஒரு சுருள், குளிர்ந்திருக்கும்போது சோக் தகட்டை மூடி வைக்கிறது, சூடேறியதும் திறந்துவிடுகிறது. சூடு எங்கிருந்து வருகிறது? சில எஞ்சின்களில் எஞ்சினின் சொந்தச் சூடே சுருளை எட்டுகிறது. சிலவற்றில் 12 வோல்ட் மின்சாரம் சுருளைச் சூடாக்குகிறது.

இப்போது கோளாறுக்கு வருவோம். பல வாரங்கள் ஓடாமல் கிடக்கும் படகில் பெட்ரோல் வற்றிப் பிசினாகப் படிகிறது. உப்புக் காற்று தகட்டின் அச்சுக்கம்பியையும் இணைப்புக்கம்பியையும் அரிக்கிறது. சோக் அசையாமல் நின்றுவிடுகிறது. திறந்த நிலையில் சிக்கினால், குளிர்ந்த எஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் கிடைப்பதில்லை. மூடிய நிலையில் சிக்கினால், பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு கோளாறுகளும் வெளியில் காட்டும் அடையாளம் ஒன்றேதான்: எஞ்சின் கிளம்பாது. காரணம் நேர்மாறானது, வைத்தியமும் நேர்மாறானது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில், தெரிந்தவர் ஒருவருடைய பழைய படகில் ஏறினோம். மூன்று மாதம் கட்டிக் கிடந்த படகு. பலமுறை சாவியைத் திருப்பியும் கிளம்பவில்லை. "பெட்ரோல் ஏறவில்லை" என்று அவர் முடிவு கட்டினார். எனக்கோ பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. "அண்ணே, வாடை பலமாக அடிக்கிறதே, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்றேன். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு, கார்புரேட்டர் மேலிருந்த மூடியைக் கழற்றினார். மூடிக்கிடந்த தகட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். ஒரு போத்தலிலிருந்து பெட்ரோலை ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பின்னோக்கி வெடித்தது. கார்புரேட்டர் வாயிலிருந்து கிளம்பிய தீ அவருடைய முழங்கை வரை சுட்டுவிட்டது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் உயிர் பிழைத்தோம். பிறகு பார்த்தால், சோக் தகடு பிசினால் ஒட்டி மூடியிருந்திருக்கிறது. ஏற்கெனவே பெட்ரோலில் மூழ்கிய எஞ்சினுக்கு அவர் மேலும் பெட்ரோலைக் கொடுத்திருக்கிறார்!

அவர் கழற்றிய அந்த 'மூடி' வெறும் மூடியன்று. அது தீத்தடுப்பு வலை. எஞ்சின் பின்னோக்கி வெடித்தாலும், சுடர் அதன் நெருக்கமான உலோக இடுக்குகளில் சூட்டை இழந்து அணைந்துவிடும். 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு படகினுள்ளே பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சின்களுக்கு இத்தகைய தீத்தடுப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். காரில் கசியும் பெட்ரோல் ஆவி தெருக்காற்றில் கலைந்துவிடும். படகிலோ அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமாகையால், தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடிப் படகின் அடிப்பள்ளத்தில் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்திருந்தாலே வெடிப்பதற்குப் போதும்.

ஆகவே கோளாறு தேடும்முன் சில ஒழுங்குகள். சாவியை எடுத்துவிடுங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து, தாழ்ந்த இடத்தில் முகர்ந்து பாருங்கள். ஆவியை வெளியேற்றும் மின்விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். அதற்குப் பிறகும் வாடை இருந்தால் கசிவைக் கண்டுபிடிக்கும் வரை வேறெதையும் தொடாதீர்கள். சிகரெட் கூடாது, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

இனிச் சோதனை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். தீத்தடுப்பு வலையைக் கழற்றி உள்ளே பாருங்கள். கியர் நடுநிலையில் இருக்க, வேகப் பிடியை ஒருமுறை முன்னே தள்ளிப் பின்னே கொண்டுவாருங்கள். தானியங்கிச் சோக் அப்போது விடுபட்டு மூட முயலும். நம் நாட்டு வெயிலில் அது பாதி மூடினாலும் குறையில்லை. மிச்சிகன் குளிருக்காக அமைந்த சுருள் இங்கே அவ்வளவு வேலை செய்யத் தேவையில்லை. சிறிதும் அசையாவிட்டால்தான் கோளாறு.

அடுத்து, தகட்டை விரல் நுனியால் மெல்ல அசையுங்கள். கனமாக இருந்தால் இணைப்புக்கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் அசையுங்கள். இப்போது தகடு தாராளமாக ஆடினால் குற்றம் கம்பியிலோ சுருளிலோ இருக்கிறது. அப்போதும் கனமாக இருந்தால் குற்றம் அச்சுக்கம்பியில். கார்புரேட்டர் துப்புரவுத் திரவத்தை அச்சின் இரு முனைகளிலும் தெளித்து, ஊறவிட்டு, முன்னும் பின்னும் அசைத்துப் பிசினைக் கரையுங்கள். எண்ணெயோ கிரீசோ இடாதீர்கள்; தூசியைச் சேர்த்து மீண்டும் அடைத்துவிடும். நெம்பவும் வேண்டாம், அச்சு வளைந்தால் செலவு பெரிது.

தகடு தாராளமாக ஆடியும், எஞ்சின் ஓடிச் சில நிமிடமாகியும் திறக்கவில்லையா? சுருளுக்குச் சூடு போகவில்லை என்று பொருள். மின்சாரச் சோக் என்றால், எஞ்சின் ஓடும்போது அதன் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரால் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்த முனையும், துருப்பிடித்த எர்த் இணைப்பும் சாதாரணக் காரணங்கள். சிலர் வசதிக்காக இக்னிஷன் காயிலின் முனையிலிருந்து மின்சாரம் எடுத்துவிடுவார்கள். அது தவறு, பல எஞ்சின்களில் அங்கே அழுத்தம் குறைவு, தீப்பொறியும் பலவீனமாகும்.

இன்னொரு அடையாளம்: எஞ்சின் கிளம்பி, உடனே கரும்புகையுடன் அணைகிறது. கிளம்பிய கணமே தகட்டைச் சிறிது திறந்துவிட ஒரு சவ்வுப் பெட்டி இருக்கிறது. எஞ்சினின் உறிஞ்சலால் இயங்குவது. சவ்வு கிழிந்தால் தகடு மூடியே நிற்கும். புதிய பெட்டி மாற்றுவதே வழி.

சோக் நெடுநாள் மூடியே இருந்திருந்தால் எஞ்சின் எண்ணெயையும் பாருங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால், எண்ணெயை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

பெட்ரோல் மிதமிஞ்சிய எஞ்சினைக் கிளப்ப, வலையைத் திரும்பப் பொருத்துங்கள். மின்விசிறியை மீண்டும் ஓடவிடுங்கள். நடுநிலையில் வேகப் பிடியை முழுவதும் திறந்துவைத்துச் சாவியைத் திருப்புங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும். இடையே ஓய்வு கொடுங்கள். விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், குளிர்விக்க வரும் நீர் புகைக்குழாயில் நிறைந்து, எஞ்சினுக்குள்ளேயே திரும்பிவிடக்கூடும்.

நடுநீரில் சோக் மூடிச் சிக்கினால்? எஞ்சினை நிறுத்திக் காற்றோட்டம் செய்தபின், தகட்டைத் திறந்து, வெளிப்புற நெம்புகோலை ஒரு கம்பியால் திறந்த நிலையில் கட்டிவிடுங்கள். கம்பி கார்புரேட்டருக்குள் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வலையைப் பொருத்திவிட்டுக் கிளப்புங்கள். நம் வெப்பத்தில் சோக் இல்லாமலே எஞ்சின் பெரும்பாலும் கிளம்பிவிடும். கரை சேர அது போதும்.

கடைசியாக ஒன்று. காரின் கார்புரேட்டர் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் படகுக்கென்று செய்தது, பெட்ரோல் வழிந்தாலும் வெளியே சிந்தாமல் எஞ்சினுக்குள்ளேயே போகும்படி அமைந்தது. சில வெள்ளி மிச்சம் பிடிக்கக் காரின் உறுப்பைப் படகில் மாட்டாதீர்கள்.

நேயர்களே, அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது புதிய உறுப்பன்று. வலையைக் கழற்றியதும் தகடு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று நின்று பார்த்திருந்தால், பெட்ரோல் போத்தல் பக்கமே கை போயிருக்காது. அந்த நண்பரின் கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. இப்போதெல்லாம் மின்விசிறி ஓடும் நான்கு நிமிடமும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.