கல்லூரிப் பிள்ளைக்கு லேப்டாப்: வட்டிக்குப் போகாமல் வாங்குவது எப்படி?



கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் நமது அறக்கட்டளைக்கு வரும் உதவிக் கோரிக்கைகளில் கல்விக் கட்டணத்திற்கு அடுத்தபடியாக இருப்பது லேப்டாப். கட்டணம், ஹாஸ்டல், புத்தகம் என்று எல்லாம் கட்டி முடித்த கையோடு இந்தச் செலவும் வந்து நிற்கும்போது குடும்பங்கள் திணறிப் போகின்றன. சிலர் நகையை வங்கியில் அடகு வைக்கிறார்கள். சிலர் கடையில் நீட்டும் தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டு வழியிலும் வட்டி நுழைந்துவிடுகிறது. அப்படிக் கடன்பட்டு வாங்கியதில் பாதி வசதி அந்தப் படிப்புக்குத் தேவையே இல்லாததாக இருப்பதையும் பார்க்கிறோம்.

தேவை என்ன என்று சரியாகத் தெரிந்தால் விலை குறையும். விலை குறைந்தால் வட்டியின் பக்கம் போகாமலே சமாளித்துவிடலாம். அதற்கான சில விவரங்களை இங்கே தருகிறோம்.

முதலில் கல்லூரியில் கேளுங்கள்

கடைக்குப் போகும் முன் துறையில் உள்ள பேராசிரியரிடமோ, அதே பாடம் படிக்கும் மூத்த மாணவரிடமோ மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் படிப்பில் என்னென்ன மென்பொருள் பயன்படுத்துகிறார்கள்? அவற்றில் எவற்றைக் கல்லூரியே தருகிறது? லேப்டாப் முதல் ஆண்டிலேயே வேண்டுமா, அல்லது கல்லூரிக் கணினிக்கூடம் போதுமா?

நான்காவதாக ஒன்று உண்டு. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்குவதாக அறிவித்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரியும் வகுப்பும் அதில் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.

படிப்புக்கு ஏற்ற லேப்டாப்

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, இன்டெல் கோர் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 ரகப் பிராசசர் போதும். கட்டுரை எழுத, கணக்குப் போட, ஆன்லைன் வகுப்பு கேட்க இதற்கு மேல் தேவையில்லை.

பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. மாணவர்களுக்கு ஐ5 அல்லது ரைசன் 5 நல்லது. ராம் 16 ஜிபி இருந்தால் நான்கு ஆண்டும் ஓடும். பணம் போதாவிட்டால் 8 ஜிபி வாங்கிப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் சில மாடல்களில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைப் பிறகு மாற்றவோ கூட்டவோ முடியாது. கடையில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிவில், மெக்கானிக்கல் மாணவர்களின் வரைபட மென்பொருள்களில் பல விண்டோஸில் மட்டுமே இயங்கும். அவர்களுக்கு ஆப்பிள் மேக்கும் குரோம்புக்கும் ஒத்துவராது. தனி கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் ஆர்க்கிடெக்சர், அனிமேஷன் போன்ற படிப்புகளுக்குத்தான் வேண்டும். 'கேமிங் லேப்டாப்' கேட்டு அடம்பிடிக்கும் மகனிடம் அது எந்தப் பாடத்திற்கு என்று கேளுங்கள். எடையும் கூடும், பேட்டரியும் சீக்கிரம் தீரும், விலையும் ஏறும்.

மிக மலிவாக வரும் 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே அதுதான். எந்திரம் திறக்கும், ஆனால் பிள்ளை நிம்மதியாக வேலை செய்ய முடியாது.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்றவை உறுதியானவை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும் பெரிய ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எனவே விண்டோஸ் 11 ஏற்கும் எந்திரமாகப் பாருங்கள். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

சார்ஜர் இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எல்லா விசைகளையும் அழுத்திப் பாருங்கள். கேமரா, வைஃபை, யுஎஸ்பி துளைகளைச் சோதியுங்கள். பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு பூட்டு எதுவும் மிச்சம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பில் தராத கடையில் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் நம் வீட்டுக்குள் வரக்கூடாது.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் மூலம் வாங்குவதும் நம்மிடையே வழக்கம். 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

'வட்டியில்லாத் தவணை' உண்மையா?

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பலகையைப் பார்த்து, இதில் வட்டி இல்லை என்று நம்புகிறவர்கள் அதிகம். கணக்கைப் பார்ப்போம். 45,000 ரூபாய் லேப்டாப், ஒன்பது மாதம், மாதம் 5,000. வங்கி இதற்கு 2,700 ரூபாய் வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அந்த 2,700-ஐத் தள்ளுபடியாகக் கழித்து 42,300-க்கு பில் போடுவார். வங்கி அந்தத் தொகைக்கு வட்டி சேர்த்து 45,000-ஆக வசூலிக்கும். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 486 ரூபாய், தனியாக வரும். பல வங்கிகள் பிராசசிங் கட்டணமும் வாங்கும். ஆக, வட்டி மறைந்திருக்கிறது, மறையவில்லை. 'பூஜ்ய சதவீத வட்டி' என்ற பெயரில் வட்டி மறைக்கப்படுவதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

இதில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. அந்த 2,700-ஐக் கடைக்காரரால் குறைக்க முடிகிறது அல்லவா? "ரொக்கமாகத் தருகிறோம், எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். வங்கியை இடையில் சேர்க்காமல், விலையை முதலிலேயே முடிவு செய்து, தாமதத்திற்கு எதுவும் கூட்டாமல் கடைக்காரரே தவணையில் விற்றால் அது வேறு விஷயம். அதன் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருளும் அமானிதமே

விலை குறைவாக இருக்கிறதே என்று பார்த்தால் பெட்டியில் 'டாஸ்' என்று எழுதியிருக்கும். அதில் விண்டோஸ் இல்லை என்று பொருள். "நாங்களே எல்லாம் போட்டுத் தருகிறோம்" என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் உரிமம் இல்லாத நகலைத்தான். பூட்டு உடைத்த மென்பொருளோடு வைரஸும் வரும். செமஸ்டர் முடிவில் புராஜெக்ட் முழுவதும் அழிந்து நிற்கலாம். மார்க்கச் சட்டத்தையும் பாருங்கள். நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் போன்றோரின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக்கூடாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது. ஹலாலான கல்விக்கு வழியும் ஹலாலாக இருக்கட்டும்.

செலவில்லாத நேர்வழிகள் நிறைய உண்டு. லிப்ரே ஆபிஸ் முழுக்க இலவசம். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால், கல்லூரி பதிவு செய்திருக்கும் பட்சத்தில், மைக்ரோசாஃப்ட் ஆபிஸை இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆட்டோகேடை மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். டேலியில் பயிற்சிக்கான கல்வி முறை இருக்கிறது. சில தேதிகளுக்கு மட்டுமே பதிவு போட முடியும் என்றாலும் கற்றுக்கொள்ள அது போதும். மேட்லேப்பிற்குப் பதில் சைலேப், ஆக்டேவ் உள்ளன. பைத்தான் இலவசம். பாடத்திற்கு ஒத்துவந்தால் விண்டோஸே வாங்காமல் உபுண்டு போட்டுக்கொள்ளலாம். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இவற்றில் பலவற்றிற்குத் தமிழிலேயே இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் இருக்கும்போது ஆன்டிவைரஸ் தனியாக வாங்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்

வீட்டில் ஒரே லேப்டாப் இருந்து அது அண்ணன் கையிலேயே இருந்தால், தங்கை தன் அசைன்மென்ட்டைப் போனில் தட்டிக்கொண்டிருப்பாள். இருவரும் படிக்கிறார்கள் என்றால் ஒரு விலையுயர்ந்த எந்திரத்திற்குப் பதில் இரண்டு எளிய எந்திரங்கள் வாங்குவதே நீதி. அதுவும் முடியாவிட்டால் நேரத்தையாவது சமமாகப் பங்கிட்டுக் கொடுங்கள்.

நமது பைத்துல்மால்

இத்தனைக்குப் பிறகும் பணம் குறைந்தால் வட்டிக் கடைக்குப் போகும் முன் நம்மிடம் வாருங்கள். கல்லூரிச் சான்றிதழும் கடையின் விலைப் பட்டியலும் கொண்டுவந்தால் கர்ளன் ஹசனாவாக உதவ முயல்கிறோம். வாங்கியதைத் தவணையில் திருப்பித் தந்தால் போதும். கூடுதலாக ஒரு ரூபாயும் இல்லை. ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமாக இருந்தால் ஆலிம்களைக் கலந்து அதற்கும் வழி செய்கிறோம். கேட்க வெட்கப்பட வேண்டாம். விவரம் வெளியே போகாது.

வசதியுள்ள சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும் லேப்டாப்பை நம்மிடம் கொடுங்கள். ஒரு எஸ்எஸ்டியும் கொஞ்சம் ராமும் சேர்த்தால் அது ஒரு மாணவியின் மூன்றாண்டுப் படிப்புக்கு உதவும். அவள் கற்கும் காலமெல்லாம் உங்களுக்கும் நன்மை சேரும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு வட்டியில்லாத வாழ்க்கையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்