24 ஃபிரேம்களில் ஒரு முடிவு

பேஸ்பால் வீடியோ கேமில் பேட்டிங் பிடிபடாதவர்கள் பெரும்பாலும் தங்கள் கட்டைவிரலைத்தான் குறை சொல்கிறார்கள். கை வேகம் போதவில்லை, ரிஃப்ளெக்ஸ் மந்தமாகிவிட்டது, வயதாகிவிட்டது என்று காரணம் தேடுகிறார்கள். சோனியின் சான் டியேகோ ஸ்டுடியோ 2006 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் ‘எம்.எல்.பி. தி ஷோ’வை எடுத்துக்கொள்வோம். பிட்சர் கையைச் சுழற்றுகிறார், பந்து கிளம்புகிறது, பட்டனை அழுத்துகிறோம், மட்டை காற்றைத்தான் வெட்டுகிறது. இன்னிங்ஸ் முழுக்க இதே கதை. கட்டைவிரல் மேல் பழி போடுவதற்கு முன்னால், பந்து கிளம்பி வந்து சேரும் அந்த நேரத்துக்குள் நம் கண்ணும் மூளையும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். இதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. நிஜ மைதானத்துக்காகச் செய்யப்பட்ட அவை திரைக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

கணக்கு எளிது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். காலை முன்னே எட்டிவைத்துப் பந்தை விடுவதால் பந்து உண்மையில் கடக்கும் தூரம் 17 மீட்டருக்கும் குறைவு. மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஃபாஸ்ட்பால் இதைச் சுமார் 0.4 விநாடியில் கடந்துவிடும். கேமில் நாம் தேர்ந்தெடுக்கும் கடின நிலைக்கேற்ப இந்த நேரம் கூடும், குறையும். கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் ஒரு பந்தின் ஆயுள் மொத்தமே 24 ஃபிரேம். ஒரு ஃபிரேம் மாறுவதற்குள் பந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் முன்னேறிவிடுகிறது.

இந்த 24 ஃபிரேமும் நமக்குக் கிடைப்பதில்லை. கண்ணில் விழுந்த காட்சி மூளைக்குப் போய், முடிவாகி, விரல் அசைவதற்குச் சுமார் 0.2 விநாடி, அதாவது 12 ஃபிரேம் செலவாகிறது. பட்டனை அழுத்திய பிறகு திரையில் மட்டை சுழன்று வரவும் சில ஃபிரேம்கள் வேண்டும். நிஜ ஆட்டத்தில் அந்தச் சுழற்சிக்கு மட்டும் 0.15 விநாடி ஆகிறது. கழித்துப் பார்த்தால், பந்தைப் பார்த்து முடிவெடுக்க எட்டுப் பத்து ஃபிரேம்கள் மிஞ்சினாலே அதிகம். அதற்குப் பிறகு பந்து எங்கே போகும் என்பதெல்லாம் மூளையின் ஊகம்தான்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு அந்த 0.2 விநாடி குறைவாக இருக்குமோ என்று தோன்றலாம். பிரிட்டன் உளவியலாளர் பீட்டர் மெக்லியட் 1987இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். கிரிக்கெட் ஆடுகள விரிப்புக்கு அடியில் அரைவட்ட மரக்குச்சிகளை ஒளித்துவைத்தார். குச்சி மேல் விழும் பந்து எதிர்பாராமல் இடமோ வலமோ திரும்பும். சர்வதேச பேட்ஸ்மேன்கள்கூட அந்தத் திருப்பத்துக்கு ஏற்ப மட்டையை மாற்ற ஏறக்குறைய 0.2 விநாடி எடுத்துக்கொண்டார்கள். நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு ஆகும் அதே நேரம். அவர்களுடைய நரம்பு நம் நரம்பைவிட வேகமாக ஓடவில்லை. அவர்கள் சீக்கிரமே படித்துவிடுகிறார்கள், வித்தியாசம் அங்கேதான்.

எதைப் படிக்கிறார்கள் என்பதற்கு 2004இல் நடந்த ஒரு காட்சி ஆட்டம் நல்ல சாட்சி. அமெரிக்க சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், அன்றைய பேஸ்பால் நட்சத்திரங்களான ஆல்பர்ட் புஹோல்ஸ், மைக் பியாஸா, பிரையன் ஜைல்ஸ் மூவரையும் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். சாஃப்ட்பாலில் வேகம் குறைவு. தூரமும் குறைவு என்பதால் பந்து வந்து சேரும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பந்தும் பெரியது. ஆனால் ஃபின்ச் கைக்குக் கீழிருந்து வீசினார். தோள் எப்படித் திரும்பும், மணிக்கட்டு எங்கே மடங்கும், எந்த உயரத்தில் பந்து கிளம்பும் என்று அந்த மூவரும் ஆயிரக்கணக்கான பந்துகளில் சேர்த்துவைத்திருந்த அறிவு அன்றைக்கு உதவவில்லை. பழகிய அடையாளங்கள் இல்லாத இடத்தில் உலகத் தரமான கண்ணும் கையும் தடுமாறின. கேமைப் புதிதாக ஆடுபவரின் நிலையும் இதுதான். அவருக்கு இன்னும் அடையாளங்கள் சேரவில்லை.

அதனால் முதலில் கண்ணை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ‘தி ஷோ’வில் ‘ஸோன்’ முறையில் ஆடுபவர்களுக்கு பி.சி.ஐ. என்ற குறி திரையில் தெரியும். இடது ஸ்டிக்கால் அதைப் பந்து வரும் இடத்துக்கு நகர்த்தி, சரியான நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும். புதியவர்கள் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்து அப்போது ஓரப் பார்வையில்தான் வருகிறது. ஓரப் பார்வை பந்தின் வளைவை ஏமாற்றிக் காட்டும் என்பதை ஆர்தர் ஷாபிரோ, ஸாங்-லின் லூ குழுவினர் 2010இல் விளக்கினார்கள். கர்வ்பால் உண்மையில் சீராகத்தான் வளைகிறது. கண்ணின் மையத்திலிருந்து அது விலகும்போதுதான் திடீரென்று உடைந்து விழுவதுபோலத் தெரிகிறது. பார்வை பிட்சரின் கை பந்தை விடும் புள்ளியில் இருக்கட்டும். ஸ்டிக்கைப் பெருவிரல் தானாகப் பழகிக்கொள்ளும். கர்வ்பால் கையை விட்டதும் சற்று மேலே எழும்பும். ஃபாஸ்ட்பால் நேராகக் கிளம்பும். சேஞ்சப் ஃபாஸ்ட்பால் போலவே கிளம்பி, மணிக்கு 15 கிலோமீட்டர் அளவுக்கு மெதுவாக வரும். அதைச் சீக்கிரமே அடித்துவிட்டுத் தலையில் கைவைக்காத ஆட்டக்காரர் கிடையாது.

அந்த 15 கிலோமீட்டர் வித்தியாசம் நேரத்தில் சுமார் 0.04 விநாடி, அதாவது இரண்டரை ஃபிரேம். நிஜ ஆட்டத்தில் விநாடியின் நூறில் ஒரு பங்கு முந்தினாலோ பிந்தினாலோ பந்து கோட்டுக்கு வெளியே ஃபவுலாகப் போய்விடக்கூடும். இரண்டரை ஃபிரேம் என்பது அதைப்போல் நான்கு மடங்கு.

பந்து மட்டையில் படும் வரை அதையே பார் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அது முடியாத காரியம் என்று 1984இலேயே டெர்ரி பாஹில், டாம் லாரிட்ஸ் இருவரும் அளந்து காட்டிவிட்டார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் வீரர் பிரையன் ஹார்ப்பர் அவர்கள் சோதித்தவர்களில் மிகச் சிறப்பாகப் பந்தைத் தொடர்ந்தார். அவர் கண்ணும் பிளேட்டுக்கு ஐந்தரை அடி முன்னால் பந்தைத் தவறவிட்டது. ஆகவே கடைசி நொடியில் பந்தைக் கோட்டைவிட்டதாக யாரும் வருந்த வேண்டாம். முதல் சில ஃபிரேம்களைக் கோட்டைவிட்டதற்குத்தான் வருந்த வேண்டும்.

இங்கே டிவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் தீராத ஒரு கோளாறு அதில் இருக்கிறது. இன்றைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகச் சற்றுத் தாமதித்தே காட்டுகின்றன. சில டிவிகளில் அந்தத் தாமதம் 0.1 விநாடியைத் தொடும். அதாவது 24 ஃபிரேமில் 6 ஃபிரேம். பந்து உங்கள் கண்ணுக்கு வருவதற்கு முன்பே கால்வாசி தூரம் வந்துவிட்டது. டிவி செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இணையத்தில் தொலைதூர நாட்டுக்காரருடன் ஆடும்போது வரும் தாமதம் வேறு. அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆட்டத்தை வைத்து உங்கள் திறமையை எடை போடாதீர்கள்.

அடுத்தது, அடிக்காமல் விடுவது. கேம் ஆடுபவர்களுக்கு இது கசப்பான மருந்து, ஆனால் இதைவிடப் பலன் தருவது எதுவும் எனக்குத் தெரியாது. பேஸ்பாலில் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, முழங்காலிலிருந்து மார்புக்குக் கீழ் வரையிலான கட்டம்தான் ஸ்ட்ரைக் ஸோன். வெளியே போகும் பந்தை அடிக்காமல் நான்கு முறை விட்டால், ஓடாமலே முதல் பேஸ் கிடைக்கும். பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 1941 பருவத்தில் .406 பேட்டிங் சராசரி வைத்தார். அதே பருவத்தில் 147 முறை இப்படி நடந்தே முதல் பேஸுக்குப் போனார். ஸ்ட்ரைக் அவுட் ஆனது 27 முறை மட்டுமே. பின்னாளில் பேட்டிங் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில், ஸ்ட்ரைக் ஸோனை 77 பந்துகளால் நிரப்பி, எந்தப் பந்தை அடித்தால் என்ன சராசரி வரும் என்று நிறம் பிரித்துக் காட்டினார். நடுவில் .400; கீழே, வெளிப்பக்க மூலையில் .230. ஸ்ட்ரைக்காகவே இருந்தாலும் எல்லாப் பந்தும் அடிக்கத் தகுந்ததல்ல.

கேமில் இதைச் செய்வது எளிது. ஸோனில் பாதியை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் என்று வைத்துக்கொண்டால் உள்பக்கம் வரும் பந்துக்கு மட்டும்தான் பட்டன். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு எல்லை விரியட்டும். அப்போது பி.சி.ஐ.யைப் பெரிதாக்கும் கான்டாக்ட் ஸ்விங்கும் உதவும். பவர் ஸ்விங் அந்தக் குறியைச் சுருக்கிவிடும். எந்நேரமும் ஹோம் ரன் ஆசையில் பவர் ஸ்விங்கையே அழுத்துபவர்கள், தாங்களே இலக்கைச் சிறியதாக்கிக்கொள்கிறார்கள்.

பயிற்சி எப்படிச் செய்வது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் வழிதவறுகிறார்கள். பயிற்சிப் பகுதிக்குப் போய், பிட்சரைத் தேர்ந்தெடுத்து, ஐம்பது ஃபாஸ்ட்பால் வரிசையாக அடிப்பார்கள். கடைசிப் பத்தும் பிரமாதமாகப் போகும். மனம் நிறைந்து ஆட்டத்துக்குப் போனால் பழையபடி தடுமாற்றம். 1994இல் கலிஃபோர்னியாவில் கல்லூரி பேஸ்பால் வீரர்களை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் கூடுதலாக 45 பந்துகள். ஒரு குழுவுக்கு 15 ஃபாஸ்ட்பால், 15 கர்வ்பால், 15 சேஞ்சப் என்று வரிசையாக. இன்னொரு குழுவுக்கு அதே 45 பந்துகளும் கலந்துகட்டி. வரிசைக் குழு சுமார் 25 சதவீதம் முன்னேறியது. கலவைக் குழு 57 சதவீதம். கூடுதல் பயிற்சி பெறாத மூன்றாவது குழு 6 சதவீதம்.

வரிசையாக வரும்போது அடுத்தது என்ன என்று மூளைக்கு முன்பே தெரியும். அது பந்தைப் படிக்க வேண்டியதில்லை. கலந்து வரும்போது ஒவ்வொரு பந்தும் புதுக் கேள்வி. பயிற்சி நேரத்தில் அதிகம் தவறும், எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலுக்குள்தான் கற்றல் நடக்கிறது. பயிற்சிப் பகுதியில் பிட்சரின் எல்லாப் பந்துகளையும் கலந்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்விங்குக்குப் பின்னும் சீக்கிரமா, தாமதமா என்று கேம் காட்டுவதைப் படியுங்கள். ஃபாஸ்ட்பாலுக்குத் தாமதமும் சேஞ்சப்புக்குச் சீக்கிரமும் மாறிமாறி வந்தால் விரலில் குறையில்லை, பந்தை இனம்காண்பதில்தான் குறை. எல்லாவற்றுக்கும் தாமதம் என்றே வந்தால் டிவியைச் சந்தேகியுங்கள்.

எந்த நிலையில் ஆடுவது என்பதற்கும் ஒரு விடை இருக்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராப் கிரே, 80 பள்ளி வீரர்களை நான்கு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வை 2017இல் வெளியிட்டார். கணினி உருவாக்கிய மெய்நிகர் மைதானத்தில், வீரர் முன்னேற முன்னேறக் கடினமாகிக்கொண்டே போகும் பயிற்சியைப் பெற்ற குழுதான் நிஜ பேட்டிங்கிலும் அதிகம் தேறியது. திரையில் பெற்ற திறமை மைதானத்துக்கும் வந்தது என்பது வீடியோ கேமை நேர விரயம் என்று நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் அது பயிற்சிக்காகவே வடிவமைத்த, மட்டையைச் சுழற்றி ஆடும் கருவி. சோபாவில் பட்டன் அழுத்தும் கேமுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் படிப்படியான ஏற்றத்தை. ‘தி ஷோ’வின் தொடக்க நிலைகளில் பந்து மெதுவாக வரும். அங்கேயே மாதக்கணக்கில் தங்கினால் மெதுவான தாளமே விரலில் படிந்துவிடும். ஓரளவு அடிபட ஆரம்பித்ததும் அடுத்த நிலைக்கு ஏறுங்கள். கேமே ஏற்றி இறக்கும் டைனமிக் நிலையும் உண்டு.

இரவு இரண்டு மணி வரை விடாமல் ஆடுவதால் கை தேறிவிடாது. மேத்யூ வாக்கர் குழுவினர் 2002இல் வெளியிட்ட விரல் தட்டும் சோதனையில், ஒரு வரிசையைப் பழகிவிட்டு இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் கூடுதல் பயிற்சி ஏதுமின்றியே சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அரை மணி நேரம் கவனமாகக் கலவைப் பந்துகளை ஆடிவிட்டுப் படுக்கப் போவது நல்ல திட்டம்.

அடுத்த முறை கேமைத் திறந்ததும் ஆட்டத்துக்குப் போகாதீர்கள். பயிற்சிப் பகுதியில் உட்கார்ந்து, இருபது பந்துகளுக்குப் பட்டனைத் தொடாமல் பிட்சரின் கையை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பந்தும் கிளம்பியதும் என்ன பந்து, ஸ்ட்ரைக்கா இல்லையா என்று மனதுக்குள் முடிவு செய்து, கேம் காட்டும் விடையோடு ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் சரியாக வந்த பிறகு மட்டையைச் சுழற்றத் தொடங்குங்கள்.