விஷம் கற்பித்த சரீர சாஸ்திரம்

நாவலூரிலிருந்து தெற்கே சிறுசேரி, படூர் வழியாகக் கேளம்பாக்கம் சென்று, அங்கே கிழக்கே திரும்பிக் கழியைக் கடந்து கோவளத்தை அடைந்து, பின்னர் மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் சற்றுத் தூரம் போனால் வடநெம்மேலி என்ற ஊர் வருகிறது. முதலைப் பண்ணையைப் பார்ப்பதற்காக அங்கே திரளுகின்ற ஜனங்களில் பெரும்பாலோர், அதே வளாகத்தில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தைக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டும் இடமாகவே எண்ணிக்கொண்டு திரும்புகிறார்கள். ஆனால் நம்முடைய சுவாசம் எவ்வாறு நடைபெறுகிறது, ரத்தம் எவ்வாறு ஓடுகிறது, அவை இரண்டும் எந்த இடத்தில் தடைப்பட்டால் உயிர் தடுமாறுகிறது என்பவற்றையெல்லாம் கண்ணெதிரே கண்டு தெளிய விரும்புகிறவர்களுக்குச் செங்கற்பட்டுச் சீமையில் அதைவிடச் சிறந்த பாடசாலை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்று ஜீவித்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்திவிட்டன. எலிவளையின் வாயில் கிடக்கும் மண்ணைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்லக்கூடிய அவர்களுடைய பரம்பரை ஞானம் வீணாகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட, பாம்பு ஆய்வாளரான ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால் 1978-இல் இந்தச் சங்கம் பிறந்தது. அன்று முதல் பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் பாம்பைக் காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவது அவர்கள் தொழிலாயிற்று. இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தகுதியறிந்து செய்யப்பட்ட மரியாதை அது.

தாழ்வான முற்றத்தில் மண்பானைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாயும் துணியால் கட்டப்பட்டிருக்கிறது. பிடிப்பவர் துணியை அவிழ்த்து, கொக்கியால் கண்ணாடி விரியன் ஒன்றை வெளியே எடுத்து, அது சீறுகின்ற சீற்றத்தைச் சிறிதும் பொருட்படுத்தாமல், தலைக்குப் பின்புறத்தை விரல்களால் பற்றி, மெல்லிய சவ்வு இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் அதன் வாயை வைக்கிறார். பற்கள் சவ்வைத் துளைக்கின்றன. இளமஞ்சள் நிறமான திரவம் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடியில் இறங்குகிறது. பாம்பு மீண்டும் பானைக்குள் போய்விடுகிறது. அந்தச் சில துளிகள் உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகி, மருந்துத் தயாரிப்பு நிலையங்களுக்குச் செல்கின்றன. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் இவ்விதமே எடுக்கப்படுகிறது. இவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் மூச்சைத் தாக்குகின்றன. பின்னிரண்டும் ரத்தத்தைத் தாக்குகின்றன.

மூச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்முடைய சுவாசகோசங்களுக்குத் தாமாக விரியவோ சுருங்கவோ சக்தி இல்லை. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே மேல்நோக்கிக் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசைத்தகடு கீழே இறங்கி, விலா எலும்புகள் மேலெழுந்து, நெஞ்சறையின் கொள்ளளவு பெருகும்போதுதான் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. ஓய்ந்திருக்கும் மனிதனுக்கு ஒவ்வொரு மூச்சிலும் சுமார் அரை லிட்டர். அது கிளை கிளையாகப் பிரியும் குழாய்களின் வழியே சென்று, முப்பது கோடிக்குக் குறையாத நுண்ணறைகளை அடைகிறது. அவற்றின் சுவரும், அவற்றைப் பின்னிக்கொண்டிருக்கும் தந்துகிகளின் சுவரும் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்களவே கனமுள்ளவை. ரத்தம் அந்தத் தந்துகிகளைக் கடந்துபோக எடுத்துக்கொள்ளும் முக்கால் விநாடிக்குள் பிராணவாயு உள்ளே சென்றுவிடுகிறது; கரியமில வாயு வெளியே வந்துவிடுகிறது. உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கிருந்த பிராணவாயு, வெளியே வரும்போது சுமார் 16 பங்காகக் குறைந்திருக்கிறது.

இங்கேதான் பாலூட்டிகளின் உடலமைப்பில் பெரியதொரு வேற்றுமை புலப்படுகிறது. இருதயத்துக்குக் கட்டளையிட ஒருவரும் தேவையில்லை. அதன் வலது மேலறைச் சுவரில் உள்ள ஒரு சிறு திசுத்தொகுதி, மூளையின் தயவின்றியே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 72 முறை துடிப்பை எழுப்பிக்கொண்டிருக்கிறது. மூளை அதனை விரைவுபடுத்தலாம், தணிக்கலாம், அவ்வளவே. உதரவிதானமோ அத்தகைய சுதந்திரம் உடையதன்று. மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்தில் தோன்றும் ஆணை கழுத்துவரை இறங்கி, அங்கிருந்து கிளம்பும் நரம்பின் வழியே வந்து சேர்ந்தால்தான் அது அசையும். உறக்கத்திலும் மயக்கத்திலும்கூட அந்த ஆணை மூச்சுக்கு மூச்சு வந்துகொண்டிருக்க வேண்டும். சுவாசத்தைப் பற்றிய இந்த உண்மையைப் பாம்பின் விஷத்தைவிடத் தெளிவாக விளக்குகின்ற ஆசிரியன் வேறொருவன் இல்லை.

நரம்பின் நுனிக்கும் தசைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. நரம்பு நுனியிலிருந்து ஒரு ரசாயனப் பொருள் வெளிப்பட்டு அந்த இடைவெளியைக் கடந்து, தசையின்மேல் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும்போது தசை சுருங்குகிறது. நல்ல பாம்பின் விஷம் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. தந்தி வந்து சேர்ந்தும் வீட்டுக் கதவு வெளியே பூட்டப்பட்டிருப்பதை ஒக்கும் அந்த நிலை. கட்டுவிரியனின் விஷமோ தந்தி நிலையத்தையே பாழாக்குகிறது. நரம்பு நுனியைச் சிதைத்துவிடுவதால் ஆணை புறப்படவே வழியில்லை. பூட்டைத் திறப்பது ஓரளவு எளிது; இடிந்ததைக் கட்டுவதற்கோ நாட்கள் பல ஆகும். ஆகையால்தான் கட்டுவிரியன் கடிக்கு ஆளானவரை, மாற்று மருந்து கொடுத்த பின்பும், சில சமயங்களில் நாட்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருக்க நேர்கிறது.

முதலில் கண் இமைகள் சரிகின்றன, அப்புறம் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, எச்சில் விழுங்க முடியாமற் போகிறது, குரல் மங்குகிறது, கடைசியில் உதரவிதானம் நின்றுவிடுகிறது. அப்போதும் இருதயம் தன் கடமையைச் செய்துகொண்டேயிருக்கிறது. ஆயினும் உடலின் சேமிப்பில் உள்ள பிராணவாயு சுமார் ஒன்றரை லிட்டர்தான். செலவோ ஓய்விலேயே நிமிஷத்துக்குக் கால் லிட்டர். நாலைந்து நிமிஷங்களில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். அந்த நிமிஷங்களில் யாரேனும் கையால் அழுத்தும் காற்றுப்பையைக் கொண்டு காற்றை உள்ளே செலுத்திக்கொண்டிருந்தால், துடித்துக்கொண்டிருக்கும் இருதயம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். லண்டனில் 1814-இல் வாட்டர்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும், தென்னமெரிக்க அம்பு விஷமாகிய குராரேயைச் செலுத்தி மூச்சு நின்றுபோன ஒரு கழுதையின் மூச்சுக்குழாயில் துருத்தியைப் பொருத்தி மணிக்கணக்காக ஊதி, அதனை எழுந்து நடக்கச் செய்தார்கள். நல்ல பாம்பின் விஷமும் குராரேயும் அடைப்பது ஒரே ஏற்பியைத்தான். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாச இயந்திரம் செய்வதும் அந்தத் துருத்தியின் வேலையே. கண்ணைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல் கிடக்கின்ற நோயாளி பெரும்பாலும் நினைவோடுதான் இருக்கிறார். அருகில் நின்று அவர் பிழைக்கமாட்டார் என்று பேசுகிறவர்களின் வார்த்தை அவர் காதில் விழக்கூடும் என்பதை உறவினர்கள் மறக்கலாகாது.

நல்ல பாம்போடு பொருதும் கீரி ஏதோ மூலிகையைத் தின்று விஷத்தை முறித்துக்கொள்வதாக நம் கிராமங்களில் சொல்வது வழக்கம். உண்மையில் கீரியின் தசை ஏற்பிகளே சற்று மாறுபட்ட வடிவுடையவை. விஷம் அவற்றில் ஒட்டுவதில்லை. எலிக்கும் மனிதனுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நீண்ட வலது சுவாசகோசம் ஒன்றையே பெரும்பாலும் நம்பி, விலா எலும்புகளின் அசைவால் அது மூச்சு விடுகிறது. அதன் கீழ்அறை முழுவதும் பிரிக்கப்படாத மூன்றறை இருதயத்தில் சுத்த ரத்தமும் அசுத்த ரத்தமும் ஓரளவு கலக்க இடமுண்டு. வெப்பத்தை உள்ளிருந்தே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய பாலூட்டிக்கு அது போதாது. அதற்கு நான்கு அறைகள். வலப்புறம் சுவாசகோசத்துக்கு மெல்லிய அழுத்தத்தில் அனுப்பவும், இடப்புறம் சரீரம் முழுவதற்கும் ஐந்து மடங்கு அழுத்தத்தில் செலுத்தவும் ஏற்பட்ட இரண்டு தனித்தனி இயக்கங்கள். நம் உடலில் உள்ள ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தமும் ஒரு நிமிஷத்தில் ஒருமுறை இந்த இரட்டைச் சுற்றை முடித்துவிடுகிறது.

அந்த ரத்தம் எப்போதும் திரவமாக ஓடவேண்டும். குழாய் கிழிந்த இடத்தில் மட்டும் உடனே உறையவும் வேண்டும். இவ்விரண்டு நேர்மாறான கடமைகளுக்கும் இடையேயுள்ள சமநிலையைத்தான் விரியன்கள் குலைக்கின்றன. கோரமண்டல் கடற்கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸலின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கிநிற்கும் கண்ணாடி விரியனின் விஷம், உறைதலுக்குரிய பொருள்களை ரத்தக் குழாய்களுக்குள்ளேயே தூண்டிவிட்டு, சிறுசிறு கட்டிகளாக வீணே செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. அதன் பின் ஈறிலிருந்தும் ஊசி குத்திய துளையிலிருந்தும் ரத்தம் கசிந்துகொண்டேயிருக்கும், சிறுநீரகமும் பழுதுபடும். இதனைக் கண்டறிய நம் அரசு மருத்துவமனைகளில் செய்யும் பரிசோதனையைப் போல் எளிமையும் மேன்மையும் உடையது வேறில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் ரத்தத்தை எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் நிறுத்திவைக்கிறார்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறைந்த ரத்தம் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விஷமேறிய ரத்தம் தண்ணீராக ஓடிவரும். மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். கடிகாரமும் கண்ணாடியும் போதும்.

மாற்று மருந்தும் ரத்தத்திலிருந்தே கிடைக்கிறது. வடநெம்மேலியில் எடுத்த விஷத்தைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் குதிரைக்குச் செலுத்த, அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. அவை பிரித்தெடுக்கப்பட்டு மருந்தாகின்றன. இருளர் ஒருவர் கைவிரலால் பிடித்த பாம்பும், எங்கோ ஒரு லாயத்தில் நிற்கும் குதிரையும், நம்முடைய ஊரில் ஒரு குழந்தையின் மூச்சும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள். மருந்து இருந்தும் இத்தனை பேர் மாண்டதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, மருத்துவமனையை அடைவதற்கு முன் கழிந்த காலம்.

அந்தக் காலத்தை விழுங்குவனவற்றில் கயிறு கட்டும் வழக்கமும் ஒன்று. ரத்தம் வட்டமாகச் சுற்றுகிறது என்பதை 1628-இல் நிலைநாட்டிய வில்லியம் ஹார்வி, அதற்குச் சான்றாகக் காட்டியதும் கையில் கட்டிய ஒரு கட்டைத்தான். இறுக்கிக் கட்டினால் தமனியும் அடைபட்டுக் கை குளிர்ந்து நாடி மறைகிறது. சற்றுத் தளர்த்தினால் தமனி திறந்து, சிரை மட்டும் அடைபட்டிருப்பதால் உள்ளே வந்த ரத்தம் திரும்ப வழியின்றிக் கை வீங்குகிறது. பாம்பு கடித்த காலில் நாம் கட்டும் கயிறும் இவ்விரண்டில் ஒன்றைச் செய்தே தீரும். இறுகினால் சதை அழுகும். தளர்ந்தால் வீக்கம் பெருகும். பெரிய மூலக்கூறுகளாலான விஷம் பெரும்பாலும் நிணநீர்க் குழாய்களின் வழியே மெதுவாக ஏறுகிறது. அந்த நீரை மேலே தள்ளுவது நம்முடைய தசைகளின் அசைவு. ஆதலால் கடிபட்டவர் ஓடுவதும் நடப்பதும் கூடாது. கடிபட்ட அங்கத்தைச் சிம்பு வைத்து அசையாமல் நிறுத்துவதே உத்தமம்.

நாவலூரும் அதன் சுற்றுப்புறமும் வயலும் ஏரியுமாக இருந்த நிலம். அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டதால் எலியும் போய்விடவில்லை, எலியைத் தேடி வருகிற பாம்பும் போய்விடவில்லை. கட்டடம் கட்ட வந்து கூடாரத்தில் தரையில் படுத்துறங்கும் தொழிலாளர்களே இங்கே அதிக அபாயத்துக்கு உள்ளானவர்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில்தான் வரும். அதன் கடி பல சமயங்களில் வலிப்பதுமில்லை, தடயம் தெரிவதுமில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பவரின் இமை சரிந்திருந்தால், அஜீரணம் என்று எண்ணிக் கஷாயம் வைத்துக்கொண்டிராதீர்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டிருக்கிறது. மாற்று மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். 108-ஐ அழைத்து, செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அதைவிட அருகில் செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்கோ நேரே கொண்டுசெல்லுங்கள். வழியில் மூச்சு நின்றால், இருதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையோடு ஒருவர் காற்றை ஊதிக்கொண்டே வாருங்கள்.