மணவாழ்வுச் சொத்துரிமை ஆய்வில் உரிய வழக்கை இனங்காணல்: சீதனத் தீர்ப்புகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மணவாழ்வில் பெண்ணுக்குரிய சொத்தைப் பற்றிய ஆய்வில் வழக்கின் பெயரைக் குறிப்பிடுவது மட்டுமே சான்றாகிவிடாது. ஒரே பெயரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கலாம். ஒரே தீர்ப்புக்குள் ஒன்றுக்கொன்று முரணான கருத்துகளும் இடம்பெறலாம். பிரதிபா ராணி வழக்கை முதன்மைச் சான்றாகக் கொண்டு, உரிய தீர்ப்பை இனங்காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சீதனம், நம்பிக்கை மோசடி, பெரும்பான்மைத் தீர்ப்பு, மாறுபட்ட தீர்ப்பு, முன்தீர்ப்பு.

முன்னுரை

திருமணத்தின்போதும் அதன் முன்னும் பின்னும் பெண்ணுக்கென வழங்கப்பட்ட நகை, பணம், பொருள்கள் ஆகியன சீதனம் எனப்படும். கணவர் வீட்டில் வைக்கப்பட்ட சீதனத்தைத் திருப்பித்தர மறுப்பது குற்றமா, உரிமையியல் வழக்குக்கு மட்டுமே உரிய பிணக்கா என்னும் வினாவுக்கு விடையாகப் பிரதிபா ராணி எதிர் சூரஜ் குமார் வழக்கு எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயின், அப்பெயரின்கீழ் எந்தத் தீர்ப்பைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை நேரெதிராக மாறும்.

நீதிமன்றப் படிநிலை

தம் நகைகளும் பொருள்களும் திருப்பித்தரப்படவில்லை என்று மனைவி அளித்த முறையீட்டைப் பஞ்சாப் – அரியானா உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. கணவர் வீட்டுக்குள் வந்த பொருள்கள் இருவரின் கூட்டுப் பொறுப்பில் இருப்பன என்னும் கருத்தை அந்நீதிமன்றத்தின் முழு அமர்வு வினோத் குமார் சேத்தி வழக்கில் 1982இல் முன்வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் 1985 மார்ச் 12 அன்று, உயர் நீதிமன்றம் இரத்து செய்த முறையீட்டுக்கு மீண்டும் உயிரளித்தது. எனவே முதலில் உறுதிசெய்ய வேண்டியது, கையிலுள்ள தீர்ப்பு எந்த நீதிமன்றத்தினுடையது என்பதே.

பெரும்பான்மையும் மாறுபாடும்

உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஒருமனதானதன்று. நீதிபதிகள் பசல் அலி, சப்யசாசி முகர்ஜி ஆகியோர் பெரும்பான்மையாக நின்றனர், நீதிபதி அ. வரதராசன் மாறுபட்டார். சீதனம் மனைவியின் முழுவுரிமைச் சொத்து. கணவர் வீட்டில் அது வைக்கப்பட்டதனாலேயே கணவர் கூட்டுரிமையாளர் ஆகிவிடார். ஒப்படைக்கப்பட்டதைத் தர மறுப்பது நம்பிக்கை மோசடியாகலாம் என்பது பெரும்பான்மையின் நிலை. தனியான உடன்பாடோ குறிப்பான ஒப்படைப்போ இல்லாதபோது ஒப்படைப்பை ஊகித்துக்கொள்ள இயலாது என்பது மாறுபட்ட கருத்து. இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் அச்சாகியுள்ளன. பத்தியை மட்டும் பெயர்த்தெடுக்கும் ஆய்வாளர், அதனை எழுதிய நீதிபதி யார் என்று பாராவிடின், சட்டமாகாத கருத்தைச் சட்டமென நிறுவிவிடுவார்.

ஆண்டும் பிந்தைய நிலையும்

பெரும்பான்மைக் கருத்து இன்றும் நிலைக்கிறதா என்பதற்கு விடை, ரஷ்மி குமார் எதிர் மகேஷ் குமார் பாதா வழக்கில் உள்ளது. மூன்று நீதிபதிகள் அமர்வு பிரதிபா ராணி வழக்கின் பெரும்பான்மை நிலையை அதில் உறுதிசெய்தது. தீர்ப்பு நாள் 1996 டிசம்பர் 18. தீர்ப்புத் தொகுதிகளில் வெளிவந்ததோ 1997இல். ஆகவே சிலர் 1996 என்றும் சிலர் 1997 என்றும் எழுதுவர். இவை இரு வழக்குகள் அல்ல. தீர்ப்பு நாளையும் தொகுதி ஆண்டையும் தனித்தனியே குறிப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

சட்டப் பிரிவு எண்ணும் மாறியுள்ளது. முந்தைய தீர்ப்புகளில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 405, 406ஆம் பிரிவுகளில் காணப்படும் இக்குற்றம், 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 316ஆம் பிரிவில் அமைந்துள்ளது. தேடலில் இரு எண்களையும் பயன்படுத்த வேண்டும்.

வழக்கின் எழுவினா

மணவாழ்வின்போது கணவர் பெயரில் வாங்கப்பட்ட வீட்டில் மனைவிக்குப் பங்குண்டா என்பது சீதன வினாவன்று. அதற்குப் பிரதிபா ராணி வழக்கைச் சான்று காட்டுதல் பொருந்தாது. கண்ணையன் நாயுடு எதிர் கம்சலா அம்மாள் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 சூன் 21 அன்று அளித்த தீர்ப்பே இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்டது. இல்லத்தரசியின் வீட்டுப்பணியும் சொத்து ஈட்டலுக்கான பங்களிப்பே என அது ஏற்றது. எனினும் அது தனி நீதிபதியின் தீர்ப்பு. அதனை நாடு முழுமைக்கும் உரிய விதியாக எழுதுதல் மிகைக்கூற்றாகும்.

முடிவுரை

வழக்கின் பெயர், நீதிமன்றம், தீர்ப்பு நாள், அமர்வு, கருத்தை எழுதிய நீதிபதி, பிந்தைய நிலை, எழுவினா ஆகிய ஏழும் சரிபார்க்கப்பட்ட பின்னரே ஒரு தீர்ப்பு ஆய்வில் சான்றாக நிற்கத்தகும். சீதனத்தைத் திரும்பக் கேட்கும் பெண்ணுக்குக் குற்றவியல் தீர்வு உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒரே வழக்கின் பெயரால் எழுதப்படக்கூடும். ஆய்வேட்டின் பிழை வகுப்பறைக்கும் அங்கிருந்து வழக்குரைக்கும் இடத்துக்கும் செல்லுமாதலின், மூலத் தீர்ப்பை முழுமையாகப் படித்தல் ஆய்வாளரின் தவிர்க்கவொண்ணாக் கடமையாகும்.