யாரோடு யார்?

பொன்முடி மலையடிவாரத்தில் உருண்டைக் கற்களுக்கிடையே ஓடுகிறது கல்லாறு. தெளிந்த, குளிர்ந்த, ஓயாமல் ஓடும் நீர். கேரளத்தின் வேறு சில மலையாறுகளில் இதே போன்ற நீரில் வாழ்வதுதான் சிவப்புக் கோடு போட்ட 'மிஸ் கேரளா'. 1997-ல் சிங்கப்பூர் கண்காட்சியில் பரிசு பெற்ற பின் அதன் மவுசு ஏறியது. வரைமுறையில்லாமல் பிடித்ததில் இன்று அழியும் அபாயத்தில் இருக்கிறது. பண்ணையில் பிறந்ததை மட்டும் வாங்குவது நல்லது.

வீட்டில் வளர்க்க ஆறு மீன்களாவது வேண்டும். நான்கடித் தொட்டி, பம்ப் தரும் நீரோட்டமும் தேவை. துணைக்கு ரோஸி பார்ப், ஜீப்ரா டேனியோ ஏற்றவை. மெதுவாக நீந்தும் ஃபைட்டருக்கு இந்த ஓட்டம் ஆகாது. டைகர் பார்ப்போ, ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும். கடையில் நிறத்தைப் பார்க்குமுன், எந்த மீனுக்கு எந்த நீர் என்று கேட்டறிவதே முதல் வேலை.